உலகத்துக்கு வெளியே பதினொரு பேர்

ஆமாம், திருத்தியது நான்தான். வேறு யாரும் உன் கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

இன்று காலை மாலாவின் கைக்கட்டை மாற்றினேன். விரலில் டெட்டால் வாசனை இன்னும் போகவில்லை. உன் மேசையின் இரண்டாவது இழுப்பறையும் இப்படித்தான் மணக்கும். பஞ்சு, கத்தரிக்கோல், எனக்குத் தெரியாமல் நீ ஒளித்துவைத்த முறுக்கு.

ஜொகூர் மாநிலக் குளுவாங்கில் நாம் இருவரும் பார்த்துக்கொண்ட அந்த அடைக்கல வீட்டில், அடிபட்டு வந்த ஒவ்வொரு பெண்ணும் உன் டேட்டாபேஸ் கோப்பில் ஒரு வரி. அவள் இருக்கும் வீட்டின் கிழக்கு, வடக்கு எண்களுக்கு இரண்டு கட்டம். ‘எதனால்’ என்று ஒரு கட்டம். பெல்ட். ஹெல்மெட். கொதிநீர். பாராங் கத்தி. வெறும் கையால் அடித்திருந்தால் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவாய்.

“கை எல்லார்கிட்டயும் இருக்கு லா. அத வேற எழுதணுமா?”

நான் புவியியல் படித்தவள். அந்தக் கோப்பை வரைபட மென்பொருளோடு இணைத்தால் எங்கே அதிகம் அடிக்கிறார்கள் என்று தெரியும் என்றேன். கோப்பு பழையது, மென்பொருள் புதியது. ஒன்றை மற்றொன்று படிக்க வைக்கவே மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் ஜொகூர் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். நீ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

“பதினொரு பேர் மேப்ல இல்லடி,” என்றேன்.

“அலமாக். மேப்காரி கண்டுபிடிச்சிட்டா.”

“கிழக்கு நம்பரையும் வடக்கு நம்பரையும் மாத்திப் போட்டிருக்க. வடக்கு தொண்ணூறோட முடிஞ்சிடும். நீ நூத்தி மூணுன்னு அடிச்சிருக்க. அப்படி ஒரு இடமே உலகத்துல இல்ல.”

“இல்லாம இருக்கட்டுமே.”

“தப்பு டேட்டாடி.”

“உனக்கு எல்லாத்தையும் சரி பண்ணணும். போ, போய் தே ஓ வாங்கிட்டு வா.”

போய்ப் பால் சேர்க்காத அந்தத் தேநீரை வாங்கி வந்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு அந்தக் காலை. வாசல் கேட். மனைவியை வெளியே அனுப்பு என்று கத்திய யாரோ ஒருவனிடம் நீ முடியாது என்றாய். ஹெல்மெட்டைக் கழற்றினான். முதல் அடியில் உன் கண்ணாடி உடைந்தது. இரண்டாவதில் நீ கேட்டைப் பிடித்துக்கொண்டாய். பூட்டை விடவில்லை. எதிர்வீட்டு மலாய்க்காரர் ஓடிவந்தார். “சுடா லா! மாத்தி டியா நந்தி!” போதும், செத்துவிடுவாள் என்று. அவன் நிறுத்தவில்லை. ஆறு அடி. நான் எண்ணினேன். உள்ளே நின்று எண்ண மட்டும்தான் செய்தேன்.

இரண்டு நாள் கழித்து, கண் திறக்காமலே நீ போனாய்.

மாவட்டக் கூட்டத்துக்கு வரைபடம் கேட்டார்கள். உன் கோப்பைத் திறந்தேன். பதினொரு வரிகளிலும் எண்களை இடம் மாற்றினேன். ஒரு நிமிட வேலை. பதினொரு புள்ளிகளும் திரையில் வந்து விழுந்தன, ஒவ்வொன்றும் தன் வீட்டின் மேல். உனக்காக ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அழுதேன்கூட. பெரிய தாளில், ரயில் பாதையும் தெருக்களும் தெரிய அச்சிட்டு முன்னறைச் சுவரில் ஒட்டினேன்.

சமாதானம் பேச வருகிற புருஷன்கள் உட்காரும் அறை அது.

நம்மிடம் முன்பு தங்கியிருந்த மாலாவின் புருஷன் வந்தான். தேய்த்த சட்டை. கையில் பெக்கான் நானாஸ் ஊர் அன்னாசி இரண்டு.

“மேப்பு அழகா இருக்கு மிஸ். நீங்க போட்டதா?”

“ஆமாண்ணே.”

“லாயாங் லாயாங்லகூட ஒரு புள்ளியா? அவ்வளோ சின்ன ஊர்ல?” சிரித்தான். “ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?”

எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எனக்குப் பெருமை.

நான்கு மணிக்கு போன் வந்தது. லாயாங் லாயாங்கில், ரயில் பாதைக்குப் பின்னால் மாலா இருந்த வாடகை வீட்டின் கதவை உதைத்துத் திறந்திருக்கிறான். தலையைக் காக்க அவள் தூக்கிய இடது கையில் பாராங் இரண்டு விரல்களை எடுத்துவிட்டது. அவள் அடுப்பிலிருந்த கஞ்சியை அவன் முகத்தில் ஊற்றிவிட்டுத் தண்டவாளத்தில் ஓடினாள். துரத்தியவனைக் கடைக்காரர்கள் மடக்கினார்கள். ஒருவர் இரும்பு நாற்காலியால் அவன் முழங்காலை உடைத்தார். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

மறுநாள் மருத்துவமனையில் மாலா சொன்னாள்: “எப்படிக் கண்டுபிடிச்சான்னு தெரியல மிஸ். அந்த வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போனதே உங்க ஃபிரெண்டுதான். ‘கம்ப்யூட்டர்ல உன்னை உலகத்துக்கு வெளிய தூக்கி வச்சிட்டேன், அங்க துணைக்குப் பத்துப் பேர் இருக்காங்க, எவனும் வர முடியாது’ன்னு சிரிச்சாங்க.”

என்னிடம் ஏன் சொல்லவில்லை? என் வாயை நம்பவில்லையா? அல்லது, இடம் தெரியாதவளை அடித்தாலும் அவள் வாயிலிருந்து எதையும் வாங்க முடியாது என்று நினைத்தாயா? இரண்டும் இருக்கலாம். அந்தக் கேள்வி என்னோடுதான் இருக்கும். ஒரு எண் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்காமல் இனி எதையும் திருத்த மாட்டேன். மாலாவின் விரல்களுக்கு இது உதவாது.

மாலாவிடம் சொன்னேன். “வெளிய இருந்த உங்க பதினொரு பேரையும் மேப்ல கொண்டு வந்தது நான்தான். அவன் போட்டோ எடுத்தான்.”

கட்டுப் போடாத கையால் என்னை அறைந்தாள். காது அடைத்துக்கொண்டது. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

“மத்த பத்துப் பேரு?” என்றாள் மாலா. “இன்னும் செவுத்துலயா இருக்காங்க?”

வரைபடத்தைக் கிழித்து எடுத்தேன். பத்துப் பேருக்கும் போன் செய்தேன். ஒன்பது பேர் எடுத்தார்கள்; உடனே வீடு மாறச் சொன்னேன். எடுக்காதவள் மெர்சிங்கில் இருந்தாள். காரை எடுத்துக்கொண்டு நேராகப் போனேன். கதவைத் தட்டினேன். யாரென்று உள்ளிருந்து குரல் கேட்டதும் என் பெயரைச் சொல்லி, துணிகளை எடுத்துவைக்கச் சொன்னேன்.