அண்ணன் போடவேண்டிய கையெழுத்து

6-4-79, வெள்ளி

கணக்குப் பரீட்சை சுமார்தான். சாயங்காலம் வந்தால், சங்கரபாண்டியன் அண்ணன் வடக்கேயிருந்து வந்திருக்கிறான். தனியாக. அண்ணியும் பாப்பாவும் அங்கே காலனியிலேயே இருக்கிறார்களாம். அவன் வேலை பார்க்கும் அணு உலைக்குப் பக்கத்திலேதான் அந்தக் காலனி.

8-4-79, ஞாயிறு

அமெரிக்காவில் ஓர் அணு உலை கெட்டுப்போனதை ரேடியோவில் தினமும் சொல்கிறார்கள். "உங்க எடத்துல அப்பிடி ஆகுமா?" என்று அப்பா கேட்டார்.

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அதைக் கணக்குப் போடுவதுதான் அவன் வேலை. வெளியிலிருந்து வரும் கரண்டும் போய், டீசல் இஞ்சினும் ஓடாவிட்டால் உலைக்குத் தண்ணீர் இறைக்க வழியில்லை. இரண்டும் சேர்ந்து நின்றால் என்ன ஆகும் என்று ஓர் அத்தியாயம் எழுதினானாம். அதை எடுத்துவிட்டு, எல்லாம் பத்திரம் என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார் அதிகாரி. இவன் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டான்.

"ரெண்டும் ஒண்ணா நிக்காதுங்காக" என்றான் அண்ணன்.

"பெரிய ஆளுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும். போட்டுக் குடுத்துட்டு வேலையப் பாருலே" என்றார் அப்பா.

9-4-79

தூக்கம் வரவில்லை. நம் ஊரில் தினமும்தான் கரண்டு போகிறது.

12-4-79, வியாழன்

அப்பா பஞ்சு சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் பொதி ஒன்று பற்றிக்கொண்டது. யாரோ போட்ட பீடி. சுமை தூக்கும் பால்ச்சாமியும் மற்ற ஆட்களும் வெளியே இழுத்து, தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். புகைகூட இல்லை. திரும்ப உள்ளே உருட்டப் போனார்கள். அப்பா தடுத்தார்.

"உள்ள கங்கு கெடக்கும்லே. வெளியவே கெடக்கட்டும். காவலுக்கு ரெண்டு பேரு படுங்க. ஒருத்தன் தூங்குனா இன்னொருத்தன் முழிச்சிருக்கணும்."

"ரெண்டு பேரும் தூங்கிட்டா?" என்றான் அண்ணன்.

"அதுக்குத்தான் நானும் இங்கயே படுக்கப் போறேன்."

"இதத்தாம்ப்பா நான் எழுதுனேன். உலைய நிப்பாட்டுனாலும் உள்ள சூடு அடங்காது. நாள்கணக்காத் தண்ணி ஓடணும்."

"நம்ம தொழிலத்தான் சின்னவுக அங்க போயிப் பாக்காக போல" என்று பால்ச்சாமி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு முகம் கடுத்துவிட்டது.

"பஞ்சும் அணுவும் ஒண்ணால? வேலை போச்சுன்னா ஒம்புள்ளைக்கு யாரு பால் வாங்குவா?"

14-4-79

வருஷப் பிறப்பு. அப்பாவும் அண்ணனும் பேசிக்கொள்ளவில்லை. அம்மா அழுதுகொண்டே பாயசம் கிண்டினாள்.

கொல்லையில் அண்ணன் சட்டை பிழிந்துகொண்டிருந்தான். தண்ணீர் நின்றால் உலை எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டேன்.

"நீ பள்ளிக்கூடம் போயிட்டு வர்ற நேரம்."

"அதுக்குள்ள காலனி ஆளுக எல்லாரும் வெளியேறிருவாகளா?"

"அதையுந்தான் எழுதியிருந்தேன்." சட்டையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, "ஒங்க அண்ணிக்குத் தெரியாது. யாருகிட்டயும் சொல்லிராத தாயி."

பயமாக இருக்கிறது. இந்த நோட்டை அப்பா பார்த்துவிட்டால்—

16-4-79, திங்கள்

அண்ணன் மதுரை பஸ்ஸில் ஏறினான். கையெழுத்துப் போடாதே என்று வாய்வரைக்கும் வந்தது. போடாவிட்டால் வேலை இல்லை. போட்டால்? பாப்பா அங்கேதானே இருக்கிறாள். அவன் பையை ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தேன்.

7-5-79

அண்ணனிடமிருந்து தகவல் இல்லை.

20-5-79, ஞாயிறு

கிட்டங்கிக்கு அண்ணனிடமிருந்து டிரங்க் கால் வந்ததாம். அண்ணனுக்குப் பதவி உயர்வு. அப்பா கிட்டங்கி ஆட்களுக்கெல்லாம் காராச்சேவும் அல்வாவும் வாங்கிக் கொடுத்தார். "எம்மகனுக்குப் புத்தி வந்துருச்சு" என்று பக்கத்து ஊர் பாளையம்பட்டி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அப்படியானால் போட்டுவிட்டான்.

3-6-79, ஞாயிறு

அண்ணி வந்துவிட்டாள். துணைக்கு அவள் தம்பி. இடுப்பில் பாப்பா. வண்டியில் டிரங்குப் பெட்டிகள், பித்தளைக் குடம், தையல் மிஷின். அண்ணன் வரவில்லை.

"எத்தன நாளைக்கும்மா?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியலத்தே. அங்கத்த வெயிலு பாப்பாவுக்கு ஒத்துக்கலயாம். அவுகதான் இனிமே அருப்புக்கோட்டையிலயே இருங்கன்னுட்டாக."

"அருப்புக்கோட்டை வெயிலுக்கா வந்த?" அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள்.

அப்பா வாசலில் நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமான் இறக்க ஆட்கள் யாரையும் கூப்பிடவில்லை. தையல் மிஷினைத் தானே தூக்கி உள்ளே கொண்டுவந்து வைத்தார்.