மூக்கில் இருக்க வேண்டிய வளையம்

கிழக்குத் தாம்பரம்
4-3-91

அன்புள்ள ரங்காவுக்கு,

சாம்பு எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சௌக்கியம். டில்லிக் குளிரில் உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா, பாவி!

லிதுவேனியாவிலிருந்து அந்தக் கௌனஸ் ஊர்ப் பெரியவர் ஒருவழியாக ஃபோட்டோ அனுப்பிவிட்டார். அறுபது வருஷத்துக்கு முன்னால் அந்த நாட்டின் துக்கடா விமானப்படை வைத்திருந்த குண்டு! நம் இரண்டு பேரைத் தவிர எவனுக்கு இதில் அக்கறை? “இத்துப்போன குண்டைக் கட்டிக்கிட்டு அழறீங்களே” என்கிறாள் சாவித்ரி. ஃபோட்டோ ஒரே மங்கல். பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வரைந்த படம் இத்துடன். பழைய விமானக் குண்டுகளைப் பற்றிய நம் புத்தகத்தில் முதல் படம் இதுதான்.

பிள்ளை வேதாசலம் மத்திய அரசு வேலைக்குத் தேர்வாகிவிட்டான். போலீஸ் விசாரணை முடிந்தால் ஆர்டர் வந்துவிடும்.

உன் சாம்பு

புதுடில்லி
20-3-91

அன்புள்ள சாம்பு,

அபாரம்டா! விமானப்படையில் நாம் சேர்ந்து குண்டு மாட்டிய நாளெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அட்டையில் உன் பெயர்தான் முதலில், சொல்லிவிட்டேன்.

உன் பிள்ளைக்கு என் ஆசி. நானும் மத்திய சர்க்கார்தான். என்ன வேண்டுமானாலும் தயங்காமல் எழுது.

உன் ரங்கன்

கிழக்குத் தாம்பரம்
18-6-91

அன்புள்ள ரங்கா,

போன மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததற்குப் பிறகு இந்தப் பக்கம் வீடு வீடாகச் சோதனை. என் மேஜையில் இருந்ததெல்லாம் வெடிகுண்டுப் படம், வெளிநாட்டுத் தபால். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தால் பூக்காரி கிளியம்மாள் தெருவில் நின்று, “இன்னா சார், வூட்ல குண்டு வெச்சிகினு கீறியாமே?” என்கிறாள். சாவித்ரி வாசலுக்கே வருவதில்லை.

என்னை விட்டுவிட்டார்கள். ஆனால் வேதாசலத்தின் விசாரணை அப்படியே நிற்கிறது. இது எப்போதோ ஒழிந்துபோன படையின் குண்டு, நாம் இருவரும் சேர்ந்து எழுதும் புத்தகம் என்று நீ இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். சர்க்கார் உத்தியோகஸ்தன் சொன்னால் நம்புவார்கள். சீக்கிரம், ரங்கா.

உன் சாம்பு

பி.கு.: படத்தில் ஒரு தப்பு. நம் கை வழக்கத்தில், குண்டைத் தொங்கவிடும் வளையத்தை நடுவயிற்றில் போட்டுவிட்டேன். லிதுவேனியாக்காரர்கள் குண்டின் மூக்கு மேலே இருக்கும்படி நெட்டுக்குத்தலாகத் தொங்கவிடுவார்களாம். வளையம் மூக்கில் வர வேண்டும். திருத்திவிடு.

புதுடில்லி
2-7-91

சாம்பு,

இனி இங்கே எழுதாதே. எனக்குப் பதவி உயர்வு வரும் நேரம். உன் கடிதம், படம் எல்லாவற்றையும் எரித்துவிட்டேன். யாராவது கேட்டால் உன்னைத் தெரியாது என்றுதான் சொல்வேன். என் நிலைமையில் நீ இருந்தாலும் அதைத்தான் செய்வாய். தப்பாக நினைக்காதே.

ஸ்ரீரங்கன்

கிழக்குத் தாம்பரம்
11-11-94

திரு. ஸ்ரீரங்கன் அவர்களுக்கு,

தங்கள் புத்தகம் பார்த்தேன். கௌனஸ் பெரியவர் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். நல்ல தாள், நல்ல அச்சு. அட்டையில் தங்கள் பெயர் மட்டும். முன்னுரையில் தாம்பரத்து நண்பர் ஒருவருக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்கள். அவருக்குப் பெயர் கிடையாது போலிருக்கிறது.

எரித்துவிட்டதாக எழுதிய படம் முதல் பக்கத்தில் இருக்கிறது. நான் போட்ட கோடு எனக்குத் தெரியாதா? வளையம் அதே நடுவயிற்றில். என் பிள்ளைக்காகக் கெஞ்சிய கடிதத்தை நீங்கள் கடைசிவரை படிக்கக்கூட இல்லை என்பது அதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

வேதாசலத்துக்கு அந்த வேலை வரவே இல்லை. படப்பையில் ஒரு சைக்கிள் கடையில் உட்கார்ந்திருக்கிறான். என்னோடு பேசுவதில்லை. “உங்க குண்டு என் தலையிலதான் விழுந்தது” என்றான் ஒரு நாள். அதுதான் அவன் கடைசியாக என்னிடம் பேசியது.

பெரியவர் புத்தகத்தோடு ஒரு சீட்டும் வைத்திருந்தார். முதல் படமே தப்பாக இருக்கிறதே, இந்த ஆசிரியர் உங்கள் நாட்டுக்காரர்தானே, அவரைத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்.

தெரியாது என்று பதில் போட்டுவிட்டேன்.

சாம்பசிவன்