நிமிடத்துக்குப் பதினான்கு மூச்சு

பாலிபிரிக்கன், வாட்டர்ஃபோர்டு
20 ஏப்ரல் 1998

அன்புள்ள கீரன்,

நீ நலமாக இருக்க வேண்டும். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும்.

நீ வேலை பார்க்கிற கோபுரக் காட்சிக்கூடத்துக்கு நான் வரும்போதெல்லாம் நீ இயந்திர அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாய். என் சமையலறையில் நின்றபடியே தின்றுவிட்டு ஓடுகிற பையன் என்னைக் கண்டால் ஒளிகிறான். அதனால்தான் கடிதம்.

என் ரோரி ஆற்றில் போய் இன்றோடு இருபத்துமூன்று நாள். தேடும் படகுகள் நேற்றோடு நின்றுவிட்டன. சீக்பாயிண்ட் மீனவர்கள் மட்டும், "தண்ணி கொஞ்சம் சூடாகட்டும்மா, தானா மேல வருவான்" என்கிறார்கள். ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். கால் வழுக்கியது என்று போலீஸ் எழுதிக்கொண்டது. ஆனால் உடல் இல்லாமல் சாவு வீடு எப்படி நடத்துவது? வருகிறவர்கள் யார் முகத்தைப் பார்ப்பார்கள்? டீயைக் குடித்துவிட்டுக் காலி அறையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

உங்கள் கோபுரத்தில் அந்தக் காலத்துக் காய்ச்சல் சிறை என்று காட்டுகிற அறையில், வைக்கோல் மேல் படுத்துச் சாகிற கைதிப் பொம்மைக்கு என் பிள்ளையின் முகத்தைத்தான் அச்செடுத்து வைத்திருக்கிறாய். அந்தத் தலையை ஒரே ஒரு நாள் கொடு. பெட்டியில் வைத்து ஊரார் பார்த்ததும் திருப்பித் தந்துவிடுகிறேன்.

இன்னொன்று. அவன் போவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, நல்ல சட்டையைத் தேய்த்துத் தரச் சொல்லிப் போட்டுக்கொண்டு உன்னைப் பார்க்கப் போனான். எட்டரைக்கு வந்து, "கீரனோட ரொம்ப நேரம் பேசினேம்மா. நல்லாப் பேசினான்" என்றான். என்ன பேசினீர்கள்? என்னோடு அவன் பேசியதெல்லாம் சாப்பாடும் மழையும்தான். அதை எழுது.

ரோரியின் அம்மா
பிரீட் கிராண்ட்


மதில் கோபுரம்
23 ஏப்ரல் 1998

திருமதி கிராண்ட் அவர்களுக்கு,

தலையைத் தர முடியாது. அது மெழுகு இல்லை, கண்ணாடியிழை. கழுத்தில் எட்டு போல்ட் போட்டு மார்புச் சட்டத்தோடு இறுக்கியிருக்கிறது. கழற்றினால் மார்பை இயக்கும் கம்பி அறும். தவிர, அது என் சொத்து இல்லை. பதிவேட்டில் காட்சிப்பொருள் முப்பத்தொன்று. இப்படி எழுதுவது உங்களுக்குக் கொடூரமாகப் படலாம். சுற்றி வளைக்க எனக்கு வராது.

தினமும் வருவதையும் நிறுத்துங்கள். உங்கள் கைக்குட்டை பட்டு நெற்றிச் சாயம் உரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தபோது ஒன்று, "மிஸ், அந்த அம்மாவும் பொம்மையா?" என்று கேட்டிருக்கிறது. உங்களிடம் சொல்லச் சொல்லி மேலாளர் என்னை அனுப்பினார். நான் இயந்திர அறைக்குள் போய்விட்டேன்.

வாசலில் சீட்டுக் கிழிக்கும் பெண்ணிடம், "இன்னிக்கு மூச்சு நிதானமா இருக்கு" என்றீர்களாம். அது எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். வைக்கோலுக்கு அடியில் ஒரு மோட்டார், அதில் முட்டை வடிவச் சக்கரம். சக்கரம் சட்டையைத் தூக்கி இறக்குகிறது. நிமிடத்துக்குப் பதினான்கு முறை. மாலை ஐந்துக்கு நான் சுவிட்சை அணைத்தால் நிற்கும், காலை ஒன்பதரைக்குப் போட்டால் வரும். நோயும் இல்லை, குணமும் இல்லை.

இப்படிக்கு
கீரன் ஃபீலன்


பாலிபிரிக்கன்
28 ஏப்ரல் 1998

அன்புள்ள கீரன்,

நான் இரண்டு கேட்டேன். நீ ஒன்றுக்கு இல்லை என்றாய். இன்னொன்றைத் தொடவே இல்லை.

தலையை விடு. பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றால் இனி வரமாட்டேன். காலையில் பிளா ரொட்டி வாங்கப் போனால் இன்னும் ரோரிக்கும் சேர்த்து மூன்றுதான் வாங்குகிறேன், மூன்றாவது சாயங்காலம் பறவைக்குப் போகிறது. என் புத்தி எப்படி இருக்கிறது என்று எனக்கே தெரியும்.

ஆனால் மோட்டார் என்று என்னிடம் கதை அளக்காதே. பதினோரு வயதில் ஹர்லிங் ஆட்டத்தில் மட்டை பட்டு ரோரிக்கு மூக்கு உடைந்தது. அன்றிலிருந்து மூச்சை உள்ளே இழுக்கும்போது இடது பக்கம் மெல்லிய விசில் வரும். பத்து வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே தூங்கியவள் நான். உன் கைதியும் விசிலடிக்கிறான். மோட்டாருக்கு மூக்கு உடையுமா?

யார் மூச்சு அது? நேராகச் சொல்கிறவன் என்றுதானே பெயர் வாங்கியிருக்கிறாய். சொல்.

பிரீட் கிராண்ட்


மதில் கோபுரம்
6 மே 1998

திருமதி கிராண்ட் அவர்களுக்கு,

அவன் மூச்சுதான். மார்ச் 24, செவ்வாய்க்கிழமை பதிவு செய்தேன். பொம்மைக்குக் கீழே ஒரு ஒலிபெருக்கி இருக்கிறது. கேசட் நாலரை நிமிடம். அதில் எனக்குத் தேவைப்பட்டது கடைசி நாற்பது விநாடி, அதை மட்டும் நகலெடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் பேச்சு, பதிவில் அது வெறும் இரைச்சல். கேசட்டைக் கருவிப் பெட்டியில் போட்டு மறந்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் முழுதாகக் கேட்டேன். அன்றைக்கு நான் பக்கத்திலேயே இருந்தேன், காதில் ஹெட்போன் கூட மாட்டியிருந்தேன். ஆனால் கேட்கவில்லை. ஒலி அளவு காட்டும் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் ஒரு சொல்லும் நான் மாற்றவில்லை:

ரோரி: படுக்க நல்லாத்தாண்டா இருக்கு. இப்படியே விட்டுட்டுப் போயிடு.
நான்: பேசாத. மூச்சு மட்டும் விடு.
ரோரி: சாகப்போறவன் மாதிரியா, செத்தவன் மாதிரியா?
நான்: செத்தவன் மூச்சு விடமாட்டான், மண்டு.
ரோரி: அப்ப அவனுக்கு வேலை மிச்சம்.
(நான் சிரிக்கிறேன்.)
ரோரி: தூக்கமே வரலடா. மூணு வாரமாச்சு. காலைல எழுந்தா கை கால் எல்லாம் வேற யாருதோ மாதிரி இருக்கு. அம்மாகிட்ட சொல்ல முடியாது, மெழுகுவத்தி ஏத்த ஓடும்.
நான்: தலையத் திருப்பாத. ஊசி சிவப்புக்குப் போகுது.
ரோரி: ஒரு நாள் பேசலாமா? பாருக்கு வேணாம். சும்மா நடந்துக்கிட்டே.
நான்: வெள்ளிக்கிழமை. திறப்பு விழா முடியட்டும். ஏழு மணிக்கு மணிக்கூண்டுகிட்ட நில்லு. இப்ப மூச்சு.

அதற்குப் பிறகு வருவதுதான் அந்த நாற்பது விநாடி. ரொம்ப சுத்தமான பதிவு.

கால் வழுக்கியது என்கிறீர்கள். இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்ததை எழுதிவிட்டேன். கேசட்டை இதோடு வைத்திருக்கிறேன். போடுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கீரன்


பாலிபிரிக்கன்
19 மே 1998

அன்புள்ள கீரன்,

மீனவர்கள் சொன்னபடியே ஆயிற்று. வியாழக்கிழமை சீக்பாயிண்ட் பக்கம் வலையில் வந்தான். சனிக்கிழமை அடக்கம். பெட்டியை மூடியேதான் கொண்டுவந்தார்கள். "தெறக்க வேணாம் பிரீட்" என்றார் பெட்டிக்காரர். சட்டையைக் கேட்டேன். ஒரு பொத்தானை வெட்டிக் கொடுத்தார். நான் தேய்த்துக் கொடுத்த சட்டைதான்.

நீ கல்லறை மதிலுக்கு வெளியே நின்றதைப் பார்த்தேன். உள்ளே வந்திருக்கலாம். யாரும் உன்னைக் கடித்திருக்க மாட்டார்கள்.

கேசட்டை இரண்டு முறை போட்டேன். முதல் முறை உன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊசி, ஊசி என்று என்ன பேச்சு அது. இரண்டாம் முறை கடைசிவரை கேட்டேன். அவன் பேசவேண்டும் என்றான், நீ நாள் சொன்னாய், இடம் சொன்னாய். பாதிரியார் முகத்தைப் பார்த்து "வழுக்கி விழுந்தான்" என்று இனி என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் என் பிள்ளை தன் பாரத்தை ஒரு மனிதனிடமாவது இறக்கிவைத்துவிட்டுப் போனான். மணிக்கூண்டிலிருந்து வந்தவன் முகம் அமைதியாக இருந்தது, கீரன். நான் பார்த்தேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மூன்று நாளும் ஓடியது. அதற்காக ஊசியை மன்னித்துவிட்டேன்.

இனி ஒளிக்காதே. வெள்ளிக்கிழமை அவன் உன்னிடம் என்ன சொன்னான்? எவ்வளவு மோசமாக இருந்தாலும் எழுது. தாங்கிக்கொள்வேன்.

சனிக்கிழமைகளில் சூப் வைக்கிறேன். பதில் எழுதியதும் வா.

ரோரியின் அம்மா


மதில் கோபுரம்
22 மே 1998

அம்மா,

நான் போகவில்லை.

திறப்பு விழாவில் வீச்சம் விடும் பம்பு நின்றுபோனது. காய்ச்சல் சிறை நாறாவிட்டால் காசு கொடுத்தவர்களுக்கு என்ன காட்டுவது என்று மேலாளர் கத்தினார். ஏழு மணிக்கு நான் வைக்கோலுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். நிற்கட்டும், இல்லையென்றால் பாருக்குப் போவான் என்று நினைத்தேன். பம்பு ஏழு இருபதுக்கே ஓடிவிட்டது. மணிக்கூண்டு ஐந்து நிமிட நடை. களைப்பாக இருந்தது, வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவன் அங்கே நின்றிருக்கிறான். பிறகு உங்களிடம் வந்து நான் நல்லாப் பேசினதாகச் சொல்லியிருக்கிறான். உங்கள் முதல் கடிதத்தில் அதைப் படித்த பிறகுதான் உங்களைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்வது மட்டும் போதாது, என்றைக்காவது சொல்லியாக வேண்டும் என்று தெரிந்தது.

அன்று அவன் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. நான் அறிந்தது இவ்வளவுதான்.

சிறையிலிருந்து அவன் மூச்சை அழித்துவிட்டேன். நேற்று என்னுடையதைப் பதிவு செய்து போட்டேன். அந்த முகத்துக்கு இப்போது நான்தான் மூச்சு விடுகிறேன். நிமிடத்துக்குப் பதினான்கு, விசில் இல்லை. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சனிக்கிழமை எனக்காகத் தட்டு வைக்காதீர்கள்.

கீரன்