மச்சான் ஓடிய ஓட்டம்

ஏற்காடு
12 ஜூலை 2025

அன்புள்ள சிந்துவுக்கு,

நான் நலம். உன் நலமும் உன் வாயும் குறையாமல் இருக்க மாதாவை வேண்டுகிறேன். புருஷன் கடிதம் எழுதுகிறான் என்று சிரிக்காதே. வந்து இறங்கியதுமே எல்லார் போனையும் வாங்கி இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார் கோச். பிரெஞ்சுக்காரர். நான் "போன்ழூர் முசே" என்று அவர் பாஷையில் வணக்கம் சொன்னதும் முகம் கொஞ்சம் மலர்ந்தது, அத்தோடு சரி. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போனில் பேசலாமாம். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றால் பெண்டாட்டியோடு என்ன பேசுவது? முகாம் முடியும்வரை கடிதம்தான்.

ஃபுட்பால் சீசன் தொடங்குவதற்கு முன்னால் உடம்பைத் தயார் செய்கிற முகாம் இது. பந்தை இன்னும் கண்ணில் காட்டவில்லை. காலையில் வெறும் வயிற்றில் எடை பார்க்கிறார்கள். பிறகு மலை ரோட்டில் ஓட்டம், மதியம் மைதானத்தில் ஓட்டம், சாயங்காலம் ஐஸ் தொட்டியில் உட்கார வேண்டும். ஜெர்சிக்கு உள்ளே போட எல்லோருக்கும் ஒரு கறுப்பு உள்சட்டை கொடுத்திருக்கிறார்கள். பார்த்தால் உன் பாடி மாதிரியே இருக்கிறது. அதன் முதுகில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மெஷின். யார் எவ்வளவு தூரம் ஓடினார்கள், என்ன வேகம் என்று அது சொல்லிவிடும். ராத்திரி சாப்பிடப் போனால் சுவரில் பெயரெல்லாம் வரிசையாக ஒட்டியிருக்கும்.

உன் தம்பி ராஜ்கமலும் நானும் ஒரே அறை. இன்று சுவரில் முதலாவதாக இருந்த பெயர் அவனுடையது. இந்த முப்பத்துமூன்று வயதுக்காரன் பெயர் எங்கே இருந்தது என்று கேட்காதே. வந்திருப்பவர்களில் பாதிப் பேரைத்தான் கிளப் எடுத்துக்கொள்ளுமாம். எனக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது.

உன்
நெல்சன்


குருசுக்குப்பம்
17 ஜூலை

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. கீழ்வீட்டுத் தனக்கொடி அக்காதான் வாங்கி வைத்திருந்தாள். ஏதோ கோர்ட் நோட்டீஸ் என்று பயந்து, நான் பிரிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதீர்கள். போன மாதம் மாடி ஏறும்போது பாதிப் படியில் நின்று, "கடலைப் பாக்குறன்" என்றீர்கள். அந்தப் படியிலிருந்து தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் பெயர் பதியும் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு, பஸ்ஸை விட்டு நொண்டி நொண்டி வருகிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிறேன். முழங்காலைப் பற்றி எனக்குக் கதை சொல்ல வேண்டாம்.

ஒரு நல்ல செய்தி. அப்பா வந்தார். ஆமாம், ஆதிமூலம் அவர்களேதான், முதலியார்பேட்டையிலிருந்து சைக்கிளில். நம் கல்யாணத்துக்குப் பிறகு நம் வீட்டுப் படி ஏறியது இதுதான் முதல் தடவை. மகளைச் சொல்லாமல் கட்டிக்கொண்டு போன கிறிஸ்துவப் பையன் என்று உங்கள் பெயரைக்கூட உச்சரிக்காத மனுஷர், "மாப்ள லெட்டர் போட்டாரா" என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டில் ராஜ்கமலை ஏற்றிவிட்டபோது உங்கள் கையைப் பிடித்து, "உங்கள நம்பித்தான் அனுப்புறன்" என்று சொன்னாராமே. அதை அவரே என்னிடம் இரண்டு தடவை சொன்னார். கொடுத்த டீயை முழுக்கக் குடித்தார். அவர் போன பிறகு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

முடியவில்லை என்றால் வந்துவிடுங்கள். நான் விசாரித்து வைத்த அந்த ஸ்கூலில் விளையாட்டு வாத்தியார் வேலைக்கு இன்னும் ஆள் போடவில்லை. எனக்கு ஃபுட்பால் பிளேயர் வேண்டாம், நொண்டாமல் நடக்கிற புருஷன் போதும்.

அன்புடன்,
சிந்துஜா


ஏற்காடு
22 ஜூலை

அன்புள்ள சிந்து,

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? முழங்கால் வீங்கிவிட்டது. கட்டுப் போட்டால் தெரிந்துவிடும் என்று போடாமல் ஓடுகிறேன். நேற்றும் இன்றும் சுவரில் கடைசிப் பெயர் என்னுடையதுதான். ஓடவே தேவையில்லாத கோல்கீப்பர்களுக்கும் கீழே. எல்லாரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேதான் நின்று பார்க்கிறார்கள். ஒரு மலையாளத்துப் பையன் என்னைப் பார்த்ததும் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆட்களை அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். டீ நேரம் முடிந்ததும் ஜெர்சி பார்த்துக்கொள்கிற நாராயணசாமி அண்ணன் அறைக் கதவைத் தட்டுவார். யார் பெயரைச் சொல்கிறாரோ அவர் சாமானைக் கொடுத்துவிட்டு மலை இறங்க வேண்டியதுதான். வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எத்தனையாவது கதவில் நிற்கிறது என்று எண்ணுகிறேன்.

வாத்தியார் வேலை என்கிறாய். விசிலை ஊதிக்கொண்டு வெயிலில் நிற்கவா? எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். நம் தெருவில் நடந்தால் "பிளேயர் போறாரு" என்பார்கள். அந்தச் சொல் இல்லாமல் எனக்கு அந்தத் தெருவில் நடக்கத் தெரியாது சிந்து. இந்த ஒரு சீசன் போதும். இந்த ஒன்றுக்காக என்ன வேண்டுமானாலும் செய்வேன். கோயிலில் எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. உனக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஏற்று.

நெல்சன்


ஏற்காடு
28 ஜூலை

என் அன்பு சிந்துவுக்கு,

உன் பதிலுக்குக்கூடக் காத்திருக்க முடியவில்லை. நான் இரண்டாவது இடம்! நேற்று மூன்றாவது. கோச் என் தோளைத் தட்டி "பியேன், பியேன்" என்று பாராட்டினார். எப்படி என்று கேட்காதே. மெழுகுவர்த்தி ஏற்றினாயா? ஏற்றியிருப்பாய்.

ராஜ்கமல் பெயர்தான் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. அதைப் பற்றிக் கவலைப்படாதே. இளரத்தம், பந்தைக் கொடுத்துவிட்டால் அவனை யாரும் விடமாட்டார்கள். சுவரில் ஒட்டுவதெல்லாம் என்னைப் போன்ற கிழடுகளைக் கழித்துக்கட்டத்தான். சின்னப் பையன்களைக் கோச் கண்ணால் பார்த்துத்தான் எடுப்பார். உன் அப்பாவிடம் தைரியமாக இருக்கச் சொல்.

உன் பிளேயர்,
நெல்சன்


குருசுக்குப்பம்
5 ஆகஸ்ட்

அன்புள்ள உங்களுக்கு,

ராஜ்கமல் முந்தாநாள் வந்துவிட்டான். உங்களுக்குத் தெரியும். அவன் பெட்டி கட்டும்போது நீங்கள் அந்த அறையில்தான் இருந்திருப்பீர்கள்.

நேராக அப்பா வீட்டுக்குப் போகப் பயந்து இங்கே வந்தான். என்னடா ஆச்சு என்றேன். "ஓட முடியலக்கா, பேரு கடைசியில வந்துச்சு" என்றான். இருபது வயதில் இப்படி ஓடுகிறவன் இருபத்தைந்தில் நடக்கத்தான் செய்வான் என்று கோச் சொன்னாராம். ஓட முடியவில்லையா, இவனுக்கா? குருசுக்குப்பத்திலிருந்து காலாப்பட்டு வரை பத்துக் கிலோமீட்டர் ஓடிப்போய், பசித்தால் மட்டும் பஸ்ஸில் திரும்பி வருகிறவன்.

இன்று காலை அவனை ஓடச் சொன்னேன். தனக்கொடி அக்காவின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஈ.சி.ஆர். நெரிசலில் என்னால் அவனை எட்டிப்பிடிக்க முடியவில்லை. காலாப்பட்டில் போய் நின்றால், எனக்கு முன்னால் வந்து மோர் குடித்துக்கொண்டிருக்கிறான்.

வீங்கிய காலோடு நீங்கள் இரண்டாவது. கல்லுப்போல் காலை வைத்துக்கொண்டு அவன் கடைசி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. அவனிடம் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "வுடுக்கா" என்றான்.

அந்த மெஷினை நீங்கள் இருவரும் மாற்றிக்கொண்டீர்களா? ஆமாம், இல்லை, ஏதாவது ஒன்றை எழுதுங்கள். இல்லை என்று எழுதுவீர்கள் என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சிந்துஜா


ஏற்காடு
9 ஆகஸ்ட்

சிந்து,

ஆமாம்.

நான்தான் கேட்டேன். ஒரே ஒரு நாளைக்கு என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே கழற்றி, "எடுத்துக்க மாமா" என்று கொடுத்தான். மறுநாள் நான் கேட்கவில்லை, கையை நீட்டினேன். அதற்கடுத்த நாள் அவனே என் படுக்கையில் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனான். என் மெஷினை அவன் முதுகில் சுமந்து ஓடினான், அவனுடையதை வைத்துக்கொண்டு நான் நொண்டினேன். அவன் ஓட்டம் என் பெயரில் ஏறியது, என் நொண்டல் அவன் பெயரில் ஏறியது. அவனை அனுப்பிவிடுவார்கள் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

நாராயணசாமி அண்ணன் கதவைத் தட்டியபோது எனக்குத்தான் என்று எழுந்து நின்றேன். அவர் ராஜ்கமல் பெயரைச் சொன்னார். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது நிம்மதி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். "பேசாத மாமா, ரெண்டு பேரும் போயிடுவோம்" என்றான்.

இருபதாம் தேதி ஒப்பந்தத்தில் கையெழுத்து. அதுவரை பொறுத்துக்கொள். உள்ளே வந்துவிட்டால் என் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். ஜனவரியில் புது ஆட்களை எடுக்கும்போது அவனை நானே கொண்டுவருகிறேன். உன் அப்பாவிடம் எதுவும் சொல்லாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

நெல்சன்


குருசுக்குப்பம்
13 ஆகஸ்ட்

நெல்சனுக்கு,

சென்னையில் ஒரு கிளப்பிலிருந்து ராஜ்கமலைக் கூப்பிட்டிருந்தார்கள். போன வருஷம் அவன் ஆட்டத்தைப் பார்த்தவர்களாம். நானே சட்டையைத் தேய்த்து வைத்தேன். நேற்று போன் வந்தது, வர வேண்டாம் என்று. உங்கள் முகாமில் அவன் எப்படி ஓடினான் என்று கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். "ஓட்டமே இல்லாத பையன்னு இருக்கேப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

புரிகிறதா? நீங்கள் எடுத்தது ஒரு இடத்தை மட்டும் இல்லை. உங்கள் நொண்டல் அவனுக்கு முன்னால் ஒவ்வொரு ஊருக்கும் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஜனவரியில் கொண்டுவருவாராம். யார் எடுப்பார்கள்?

அப்பா அவனைச் சோம்பேறி என்று திட்டுகிறார். மாப்பிள்ளை இந்த வயதில் ஓடுகிறார், உனக்கு என்ன கேடு என்று கேட்கிறார். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறான். அக்காள் வாழ வேண்டும் என்று. காவலுக்குப் போட்ட வேலியே பயிரை மேய்ந்தது என்று அப்பாவுக்கு எப்படிச் சொல்வேன்? என் வீட்டில் எல்லாரும் கதவைச் சாத்தியபோது, நம் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட ஸ்கூல் யூனிஃபார்மோடு ஓடிவந்து, வயசு பத்தவில்லை என்று ரெஜிஸ்டிரார் ஆபீஸில் திட்டு வாங்கியவன் அவன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கோச்சிடம் போய்ச் சொல்லுங்கள். போட்ட பிறகு சொல்வது எனக்கு வேண்டாம். சொல்லாமல் கையெழுத்துப் போட்டால் இந்த வீட்டுக்கு வராதீர்கள்.

சிந்துஜா


சேலம்
20 ஆகஸ்ட்

அன்புள்ள சிந்துவுக்கு,

சொல்லிவிட்டேன்.

என் பிரெஞ்சு "முசே" என்பதோடு தீர்ந்துபோனது. உதவிக் கோச்தான் மொழிபெயர்த்தார். கோச் முதலில் நம்பவில்லை. மறுநாள் காலை என்னை மட்டும் என் மெஷினோடு மைதானத்தில் ஓடவிட்டார். மற்றவர்கள் டீ டம்ளரோடு நின்று பார்த்தார்கள். கடைசிச் சுற்றில் நடந்தேன். நடக்கவும் முடியவில்லை. அவர் ஒன்றே ஒன்று கேட்டார், அத்தனையும் ஓடியது அந்தப் பையனா என்று. அவன்தான் என்றேன். பிறகு என் கண் முன்னாலேயே உட்கார்ந்து கணக்கில் எங்கள் இருவர் பெயரையும் மாற்றி, நடந்ததை எழுதி, அந்தச் சென்னை கிளப்புக்கு அனுப்பினார். இங்கே அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். கொடுத்தவனுக்கும் தண்டனை வேண்டும், திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். என் ஒப்பந்தத்தை எடுத்து டிராயரில் போட்டு மூடினார். நாராயணசாமி அண்ணன் கதவைத் தட்டுவதற்கு முன்னால் நானே ஜெர்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நல்ல மனசால் சொன்னேன் என்று நினைக்காதே. உன்னை இழந்துவிடுவேன் என்ற பயத்தில் சொன்னேன். இப்போது ஆட்டமும் இல்லை, நீயும் இல்லை என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சேலத்தில் ராஜவேல் வீட்டில் இருக்கிறேன், என்னோடு முன்பு ஆடியவன். போன் கைக்கு வந்துவிட்டது. ஆனால் உன்னைக் கூப்பிட முடியவில்லை. நீ எடுக்காவிட்டால் தாங்கமாட்டேன். கீழே விலாசம் எழுதியிருக்கிறேன். 'வா' என்று ஒரே ஒரு எழுத்து எழுதிப் போடு. அது போதும்.

உன்
நெல்சன்


குருசுக்குப்பம்
25 ஆகஸ்ட்

நெல்சனுக்கு,

சென்னையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். ராஜ்கமல் இன்று காலை பஸ் ஏறினான். ஏறும்போது, "மாமாவ வரச் சொல்லுக்கா, நான்தான குடுத்தன்" என்றான்.

அப்பாவுக்கு உங்கள் கடிதத்தை நானே படித்துக் காட்டினேன். வேறு யார் வாயிலிருந்தும் அவர் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். கடைசிவரை கேட்டார். பிறகு, "குடுத்தது சின்னப் பையன். கேட்டது பெரியவரு" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். மகனைத் திட்டியதற்கு வழியெல்லாம் அழுதுகொண்டு போயிருப்பார். அவர் பக்கத்தில் இப்போது யாரும் இல்லை. அதனால் நான் முதலியார்பேட்டைக்குப் போகிறேன். எத்தனை நாளைக்கு என்று எனக்கே தெரியவில்லை.

நீங்கள் ஒரே எழுத்து கேட்டீர்கள். எழுதப் பார்த்தேன், வரவில்லை. வராதீர்கள் என்று எழுதவும் பார்த்தேன். அதுவும் வரவில்லை. நீங்கள் சொன்னது பெரிய காரியம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் பெயரைச் சொன்னபோது உங்களுக்கு நிம்மதி வந்தது என்று எழுதினீர்களே, அதை மறக்க முடியவில்லை. உண்மையைத்தான் எழுதினீர்கள். அதனால்தான் மறக்க முடியவில்லை. உங்களை வெறுக்கவும் முடியவில்லை, அதற்காக என் மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது.

வீட்டுச் சாவி தனக்கொடி அக்காவிடம் இருக்கிறது. வந்து இருங்கள், அது உங்கள் வீடும்தான். தெருவில் யாராவது பிளேயர் என்று கூப்பிட்டால் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

அந்தக் காலை அப்படியே விடாதீர்கள். கோரிமேட்டுக்கு வந்து காட்டுங்கள். காலையில் கூட்டம் அதிகமாக இருக்கும். என்னை ஜாடையில் கூப்பிடாமல் எல்லாரையும் போல வரிசையில் நில்லுங்கள். உங்கள் முறை வரும்போது பெயர், வயசு, என்ன உபத்திரவம் என்று கேட்பேன். அதுவரைக்கும் என்னால் கேட்க முடியும்.

சிந்துஜா