கூட்டத்துக்குத் தேத்தண்ணி

4, செவ்வாய். வெயில்.

கடையில காலையிலேர்ந்து பைப்புல நூல் மாதிரி தண்ணி. தட்டெல்லாம் கழுவாம அப்படியே கிடக்கு. அது போகட்டும். வீட்டுக்காரி ஜமீலாவோட டயாலிசிஸ் சென்டர்லயும் இதே கதை. டேங்க் காலி. நாலு மணி நேரம் ஓட வேண்டிய மெஷினை மூணுலயே நிறுத்திட்டாங்க. நர்ஸ்: "அந்தப் பக்கம் டேட்டா சென்டர் வந்ததிலேர்ந்துதான் அங்கிள்."

ஜ. கால் வீக்கம். வந்ததும் படுத்துட்டா.

6, வியாழன்.

டே.சென்டர் ரெண்டாவது கட்டடம் கேட்குதாம். வர்ற புதன்கிழமை கவுன்சில் மண்டபத்துல மறுப்பு சொல்ற கூட்டம். பேர் கொடுத்துட்டேன். நேர்ல பேசினாத்தான் பதிவாகும்.

சொல்ல வேண்டியது:
- அவங்க கம்ப்யூட்டரைக் குளிர வைக்கக் குடிதண்ணி கூடாது. கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ணி எடுத்துக்கட்டும்
- கரண்டு, தண்ணி ரெண்டுக்கும் அளவு. மீறினா கட்டடத்தை மூடணும்
- ஜ. விஷயம் (பேர் சொல்லாதீங்கன்னு சொல்லிட்டா. சரி, "என் சம்சாரம்")

புளி முடிஞ்சுபோச்சு, வாங்கணும். கண்ணாடி முன்னால பேசிப் பார்த்தேன். எவனோ பேசுற மாதிரி இருந்துச்சு.

10, திங்கள். மழை.

கவுன்சில் மலாய் ஆபீசர் போன். அவர் வாய்ல "அண்ணே" வராது, "அனே"தான். "அனே, புதன்கிழமை கூட்டத்துக்கு தேத்தண்ணி, கறிப்பாப். வழக்கம்போல லா."

சரின்னுட்டேன். வருஷக்கணக்கா அங்க எந்தக் கூட்டம்னாலும் நம்ம கடைத் தேத்தண்ணி, கிழங்கு வச்சுப் பொரிச்ச நம்ம கறிப்பாப்தான். வாய் தானா சரின்னுடுது.

12, புதன்.

மண்டபத்துக்குப் பின்னால தேத்தண்ணி ஆத்திக்கிட்டு இருந்தேன். கம்பெனிக்காரங்களுக்கு சீனி கம்மி. மைக்ல என் பேரை ரெண்டு தடவை கூப்பிட்டாங்களாம். பெரிய ஃபேன் சத்தம், கேட்கல. கையத் துடைச்சுட்டு உள்ள போனேன். மறுப்பு முடிஞ்சு வேற விஷயம் ஓடுது.

ஆபீசருக்கும் வருத்தம்தான். "அனே, ஆள் வரலன்னு எழுதியாச்சே." அப்புறம், "தேத்தண்ணி நல்லா இருந்துச்சு."

கோபம் வரணும். வரல. ட்ரே எல்லாம் வேன்ல ஏத்தினேன். கறிப்பாப் பதினொண்ணு மிச்சம்.

ஜ. வாசல்லயே கேட்டா, "பேசினீங்களா?"

"பேசினேன்."

"எல்லாம் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

சோறு போட்டா. சாப்பிட்டேன்.

13, வியாழன். மேகமூட்டம்.

இன்னிக்கும் மூணு மணி நேரம்தான். மன்னிச்சுக்குங்கன்னு சொல்றப்பவே நர்ஸ் புள்ளைக்கு அழுகையே வந்துடுச்சு. ஜ. அதைத் தேத்துறா: "விடும்மா. இவங்க நேத்து கூட்டத்துல நமக்காகப் பேசிட்டு வந்திருக்காங்க."

புள்ள என் பக்கம் திரும்பி, "தேங்க்ஸ் அங்கிள்"னுச்சு.