நடுப்பெட்டி பேசாத ஞாயிறுகள்

அன்பு மகள் மாரிவிக்குக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் கோழிகளும் சுகம். அங்கே ஓஸ்லோ குளிரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அம்மாவிடமும் என் பேச்சையே எடுக்க விடுவதில்லை. அதனால்தான் விடுமுறை முடிந்து ஓஸ்லோ திரும்பும் உன் தோழி லூர்தெஸ் கையில் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். கோபம் இருந்தாலும் கடைசிவரை படி.

நீ வாங்கி அனுப்பிய ஹோம் தியேட்டரில் ஜனவரித் திருவிழாவிலிருந்து ஒரு கோளாறு. படம் போட்டால் மழை கேட்கிறது, துப்பாக்கி கேட்கிறது, ஆட்கள் வாயைத் திறந்தால் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கிமாராஸ் தீவுக்குப் போகும் படகின் எஞ்சின் பக்கத்திலேயே நின்று கிழவனானவன் நான், காது போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போன நேரம் நீ வீடியோ காலில் டிவியில் வருவாய், உன் முகத்தைப் பார்த்து நீ சிரித்தால் சிரிப்பேன், அவ்வளவுதான். நீ கடைசியாக வந்த அந்த ஞாயிறு உன் கண் கலங்கியிருந்தது. குளிர் என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்தி, சரிம்மா, அங்கேயே நல்லபடியா இரு என்று சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து உன் அம்மா குரலும் எனக்குக் கேட்கவில்லை. தட்டை வைக்கிற சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது. அவள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

போன வாரம் குத்துச்சண்டை பார்க்க உன் ஞானத்தகப்பன் பசிங் வந்தான். கல்யாண வீடுகளுக்குப் பாட்டு மெஷின் வாடகைக்கு விடுகிறவன், ஒரு நிமிஷம் சும்மா உட்காருவானா? ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டிக்கும் இரைச்சல் விட்டுக் காதை வைத்துப் பார்த்தான். யோவ் கூட்டாளி, ஒன் காதுக்கு ஒரு கேடும் இல்ல, பேச்சு பூரா நடுப்பொட்டியிலதான் வரும், அது எங்கய்யா என்றான். டிவிக்குக் கீழே வெறும் ஒயர் தொங்குகிறது. தேடினால், சாமி மேடையில் சிவப்பு வெல்வெட் போர்த்திக்கொண்டு நம் குழந்தை இயேசுவைத் தாங்கி நிற்கிறது! திருவிழாவுக்கு அவரை உயரமாக நிறுத்த உன் அம்மா ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தூக்கிப்போயிருக்கிறாள். எல்லாப் பொட்டியும் கத்துது, இது ஒண்ணு போனா என்னன்னு எடுத்தேன், இப்ப அவர் நிக்கிற எடத்துல கைய வச்சீங்க, ரெண்டு பேருக்கும் சோறு கெடயாது என்று அவள் ஒரே சண்டை. பிறகு அவளே குழந்தை இயேசுவிடம் மன்னிப்புக் கேட்டு அவரைத் தூக்கி, பிஸ்கட் டப்பாமேல் நிறுத்தினாள். சிவப்பு ஒயரைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் செருகியதும் செய்தி வாசிக்கிறவர் வீடு அதிரப் பேசினார். அப்ப இத்தன நாளு மககிட்ட எப்படிப் பேசின என்று பசிங் கேட்டான். தலையாட்டினேன் என்றேன். அம்மா டிவியை நிறுத்திவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். அப்போ, வேல ஒப்பந்தத்த நீட்டவா, வீட்டுக்கே வந்துரவாப்பான்னு அவ அழுது கேட்டதா எங்கிட்ட போன்ல சொன்னாளே, அது ஒனக்குக் கேக்கவே இல்லையா என்றாள்.

கேட்கவில்லை மகளே. நான் சொன்னது நீ கேட்டதற்குப் பதிலே இல்லை. அதை வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு நான் வேண்டாம் என்று நீ எத்தனை ராத்திரி புரண்டிருப்பாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்கு அங்கே பிடித்திருந்தால் இரு, தடுக்க மாட்டேன். ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக இருக்காதே.

கடவுள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். கருவாட்டை ஜன்னலைத் திறந்து வைத்துப் பொரி, பக்கத்து வீட்டார் பாவம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு ஞாயிறு கூப்பிடு, அந்தக் கேள்வியை மறுபடி கேள், உன் வாயால் கேட்க வேண்டும் எனக்கு. பதிலை இப்போதே எழுதிவிடுகிறேன்: வந்துவிடு.

உன் அப்பா,
எலியூதெரியோ