இடப்பக்கத்து முட்டுச்சுவர்

பிப்ரவரி 3

அன்புள்ள நொட்டாங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? நூற்றாண்டு மலருக்கு நீ அனுப்பிய ஆலய வரலாற்றை ஒரே மூச்சில் படித்தேன். கூர்வளைவுகள், கூரையின் உட்புறம் விலா எலும்புகளைப் போல ஓடும் கல்வரிகள், முகப்பில் உள்ள வட்டச் சாளரம் என்று நீ ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தினமும் பூசை வைக்கிற கோயிலை நானே அண்ணாந்து பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டேன்.

ஒன்றே ஒன்று. மூன்றாம் அத்தியாயம் வேண்டாம். கோயிலே தவறாகக் கட்டப்பட்டது என்று விழா மலரில் போட முடியுமா? ஆயர் வருகிறார். அதோடு, இடப்பக்கம் சும்மா கிடக்கிற இடத்தில் இரண்டாவது கோபுரம் எழுப்பப் போகிறோம். வலப்பக்கம் மட்டும் கோபுரம் இருப்பதால் பார்க்க ஒருமாதிரி இருக்கிறது என்று எல்லாருக்கும் குறை. முன்னோர் விட்டதை நாம் முடிக்கிறோம் என்று நீ நாலு வரி எழுதித் தந்தால் நன்றாக இருக்கும்.

இன்னொரு சந்தேகம். அந்தப் பக்கம் வெளிச்சுவரைத் தாங்கி நிற்கிற முதல் முட்டுச்சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கருத்த கறை. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் திரும்ப வந்துவிடுகிறது. ஈரக்கசிவாக இருக்குமோ? நீதான் இதெல்லாம் படித்தவள்.

வேளைக்குச் சாப்பிடு.

ஆசிகளுடன்,
அண்ணன்


பிப்ரவரி 9

அண்ணனுக்கு,

ஊரே உன்னைச் சாமி என்கிறது. அம்மாகூடக் கடைசிக் காலத்தில் உன்னைக் கண்டால் எழுந்து நின்றாள். நான் மட்டும் 'நீ' என்றே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

மூன்றாம் அத்தியாயத்தை நீ அவசரமாகப் படித்திருக்கிறாய். வரைபடம் கப்பலில் வந்தது. மறுபக்கம் தெரியும் மெல்லிய தாள். கட்டியவர்களுக்கோ எந்நேரமும் சுண்ணாம்பும் தண்ணீருமான கை. மை கரைந்துவிடக் கூடாதே என்று, மை இருந்த பக்கத்தைக் கீழே வைத்துப் பலகையில் அறைந்துவிட்டார்கள். பின்பக்கமாகத் தெரிந்த கோடுகளைப் பார்த்தே கட்டினார்கள். அளவுகள் வேறொரு தாளில் இருந்தன. படத்தில் இருந்த எழுத்தோ யாருக்கும் தெரியாத மொழி. அது திரும்பியிருப்பதை யார் கவனிப்பது? இடப்பக்கக் கோபுரம் வலப்பக்கம் போனது. நிழல் பக்கம் வைக்கச் சொன்ன பெரிய சாளரங்கள் வெயில் பக்கம் வந்தன. எட்டு மணிப் பூசையில் நீ கண்ணைச் சுருக்கிக்கொண்டு பிரசங்கம் செய்வதை, சாமி கோபமாக இருக்கிறார் என்று சனம் நினைப்பது இதனால்தான்.

சிறுவயதில் இடக்கையால் எழுதி, எழுத்துகளைத் திருப்பிப் போட்டு அடி வாங்கியவள் நான். படத்தைக் கண்ணாடி ஜன்னலில் திருப்பி வைத்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவமானமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. திருப்பிக் கட்டியும் நூறு வருஷம் ஆடாமல் நிற்கிறதே.

ஆக, இரண்டாவது கோபுரம் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. முன்னோர் எதையும் பாதியில் விடவில்லை. அந்த நாலு வரியை நான் எழுதமாட்டேன்.

அந்தக் கறை ஈரக்கசிவு இல்லை. பெண்களின் கை. அங்கே தோண்டாதே, அண்ணா. தோண்டாதே என்றால் தோண்டாதே.

தங்கை


பிப்ரவரி 14

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு மனம் கஷ்டமாக இருந்தது. விழாக் குழு முடிவெடுத்துவிட்டது. மார்ச் இரண்டாம் தேதி தோண்ட இயந்திரம் வருகிறது. உனக்கு ஆட்சேபம் என்று சொல்லிப் பார்த்தேன். நம் குழுச் செயலாளரைத்தான் உனக்குத் தெரியுமே. "உங்க தங்கச்சி பூசைக்கே வர்றதில்ல. கோயிலுக்கு மட்டும் நியாயம் சொல்ல வந்துடுவாங்களா?" என்றார்.

நீ பதிவுத் திருமணம் செய்துகொண்டு போன நாளிலிருந்து நாங்கள் எதைச் சொன்னாலும் உனக்கு எதிர்ப்பக்கம்தான். கை என்கிறாய். எந்தப் பெண்கள்? என்ன கை? புதிர் போடாமல் எழுது.

அண்ணன்


பிப்ரவரி 18

அண்ணனுக்கு,

புதிர் இல்லை. என் மகள் அங்கே இருக்கிறாள்.

நீ அப்போது கடல் கடந்து இறையியல் படித்துக்கொண்டிருந்தாய். ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் முடித்துவிட்டார்கள் என்று அம்மா உனக்கு எழுதினாள். பொய். பிறந்தபோதே அவளுக்கு உயிர் இல்லை. தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார் அன்றைய பங்குத்தந்தை. தாய்க்குக் கோயிலில் கல்யாணமும் நடக்கவில்லையே என்றும் சேர்த்துக்கொண்டார். அப்பா அவளைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனார். கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே, அந்த முட்டுச்சுவரின் அடியில், கோயில் வேலை பார்த்த உபதேசியார் குழி வெட்டினார். திரும்பி வந்த அப்பா என் கட்டிலருகே உட்கார்ந்து, "தனியா இல்லம்மா. அங்க நிறையப் பேர் இருக்காங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தண்ணீர் படாத பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். கல் வைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. அதனால் பூசைக்குப் போகும்போது, கால் தடுமாறிச் சுவரைப் பிடிப்பதுபோல ஒரு கை வைத்துவிட்டுப் போவார்கள். நூறு வருஷத்துக் கை அது. நீ அதன்மேல் வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறாய். நான் பூசைக்கு வருவதில்லை என்று உன் செயலாளர் சொன்னது சரி. சுவருக்கு வருகிறேன்.

படத்தைச் சரியாகப் பார்த்திருந்தால் அங்கே கோபுரம் நின்றிருக்கும். கோயிலைத் தவறாகக் கட்டியதால்தான் இந்தப் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. அந்தத் தவறைத் திருத்த உங்கள் யாருக்கும் உரிமை இல்லை.

மூன்றாம் அத்தியாயத்தை நீக்கினால் என் பெயரையும் நீக்கிவிடு. மார்ச் இரண்டாம் தேதி வருவேன். இயந்திரம் முதலில் என்னைத் தோண்டட்டும். நான் கெஞ்சவில்லை, அண்ணா. தகவல் சொல்கிறேன்.

தங்கை


பிப்ரவரி 25

அன்புள்ள தங்கைக்கு,

நீ அதற்காக வர வேண்டியதில்லை.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். அதை வெளியே எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் வழக்கமான அறிவிப்போடு கோபுர வேலையையும் வாசித்தேன். அதில் 'இடப்பக்கத்தில்' என்ற சொல்லைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வெளியே வந்தபோது, அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புப் பொடியால் போட்டிருந்த கோட்டின்மேல் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. சுவரை ஒட்டி நின்றவர் செயலாளரின் மனைவி.

"எல்லாரும் பாக்குறாங்க. வீட்டுக்கு வா" என்றார் செயலாளர்.

அந்த அம்மா கையைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. "நமக்கு மூணு பிள்ளைங்க. நீங்கதான் ரெண்டுன்னே சொல்லிட்டுத் திரியுறீங்க" என்றார்.

செயலாளர் செருப்புக் காலால் அந்தச் சுண்ணாம்புக் கோட்டை அழிக்க ஆரம்பித்தார். கோயில் கட்டி முடிந்துவிட்டது, இனிக் கட்ட ஒன்றும் இல்லை என்று அப்போதுதான் எனக்குச் சொல்ல வந்தது. கொஞ்சம் தாமதம்தான்.

எல்லாரும் போனபிறகு நானும் கை வைத்துப் பார்த்தேன். கல் வழுவழுவென்று இருக்கிறது.

உன் அத்தியாயம் அப்படியே அச்சுக்குப் போகிறது. விழாவன்று ஆயரைக் கொண்டு அந்த மண்ணைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்து, பளிங்கில் பெயர்கள் பொறிக்கலாம் என்று நினைக்கிறேன். என் மருமகளுக்கு என்ன பெயர் வைத்தாய்? இத்தனை வருஷத்தில் நான் கேட்கவே இல்லை.

அண்ணன்


மார்ச் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

அந்த அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல். செயலாளருக்கும் சொல், பரவாயில்லை.

மந்திரிப்பது வேண்டாம். அவர்களை வெளியே வைத்தது உங்கள் கோயில். அந்த மண் அவர்களை அன்றே சேர்த்துக்கொண்டது. இப்போது வந்து தண்ணீர் தெளித்து, சேர்த்துக்கொண்டது நீங்கள்தான் என்று ஆக்கிக்கொள்ள நான் விடமாட்டேன். பளிங்கும் வேண்டாம்.

அவளுக்குப் பெயர் இருக்கிறது. எழுதித் தரமாட்டேன். அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, தாய்மாமனாக என் வீட்டுக்கு வா. சொல்கிறேன்.

விழாவுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வருவார்கள். இடப்பக்கத்து முட்டுச்சுவரில், இடுப்பு உயரத்தில், சுண்ணாம்பு படக் கூடாது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்.

நொட்டாங்கை